வச்சிடுங்கம்மா

எங்கள் வீட்டில் அந்த அக்கா அதிகம் சொன்ன சொல் "வச்சிடுங்கம்மா" என்பதுதான். காபி கொடுத்தால் வச்சிடுங்கம்மா. தீபாவளிக்குப் புடவை கொடுத்தால் வச்சிடுங்கம்மா. ஒருமுறை பின்பக்கம் பாம்பு வந்துவிட்டதென்று அம்மா பதறிப்போய்க் கம்பை நீட்டியபோதுகூட, "வச்சிடுங்கம்மா, எடுத்துக்கறன்" என்றார். அம்மா கம்பைக் கீழே வைத்து அக்கா அதை எடுப்பதற்குள், பாம்பு கொய்யா மரத்தைச் சுற்றி அடுத்த குவார்ட்டர்ஸுக்கு டிரான்ஸ்பர் வாங்கிக்கொண்டு போய்விட்டது.

அவருக்கு ஒரு பெயர் இருந்தது. அதை இங்கே எழுதப் போவதில்லை. எங்கள் பிளாக்கில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இப்போது எழுதினால் எனக்கே வேறு யாரையோ பற்றிப் படிப்பதுபோல இருக்கும். எங்களுக்கு அவர் 'வச்சிடுங்க அக்கா'. காலையில் வந்து பாத்திரம் தேய்த்து, வீட்டைப் பெருக்கித் துடைத்துவிட்டு, மதியத்துக்குள் பஸ் ஏறிவிடுவார். நிற்கும்போதும் பேசும்போதும் இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொள்வார். குளிர்கிறதோ என்று நினைத்துக்கொள்வேன். நெய்வேலியில் சித்திரை மாதத்தில் யாருக்குக் குளிரும் என்று யோசித்ததில்லை.

அம்மாவும் அப்பாவும் திருநெல்வேலிப் பக்கம். அப்பாவுக்குச் சுரங்கத்தில் வேலை கிடைத்ததும் ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கியவர்கள். டவுன்ஷிப்பே அப்படி வந்து இறங்கியவர்களால் ஆனதுதான். பக்கத்து வீடு மதுரை, பின்வீடு கும்பகோணம், அதற்கடுத்த வீட்டில் என்ன பாஷை பேசுகிறார்கள் என்பதே எங்களுக்கு ரொம்ப நாள் பிடிபடவில்லை. அக்காவோ அசல் உள்ளூர்க்காரர். உள்ளூர்க்காரர் என்பதால்தான் தினமும் காலையில் காடாம்புலியூர்ப் பக்கமிருந்து பஸ் பிடித்து எங்கள் ஊருக்கு வரவேண்டியிருந்தது. இதில் இருக்கிற கோணல் அப்போது யாருக்கும் உறைக்கவில்லை.

அக்கா வேலைக்கு வந்த புதிதில் அப்பாவுக்கு இந்த 'வச்சிடுங்க' பெரிய மனக்குறை. அப்பா யூனியனில் இருந்தவர். மேடையில் ஏறிச் சாதியைத் திட்டாத மாதம் கிடையாது. தன் வீட்டிலேயே ஒருத்தர் டம்ளரைக் கையில் வாங்கமாட்டேன் என்றால் அவரால் எப்படித் தாங்க முடியும்? ஒருநாள் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து வந்தார். அம்மா கையிலிருந்த காபியைத் தானே வாங்கி அக்காவிடம் நீட்டினார்.

"இந்தாம்மா. நம்ம வீட்ல அதெல்லாம் பாக்கறது கிடையாது. தைரியமா கையில வாங்கு."

"தெரியும் சார். வச்சிடுங்க, எடுத்துக்கறன்."

அப்பா சற்று நேரம் நீட்டியபடியே நின்றார். பிறகு சமையல் மேடையின்மேல் வைத்துவிட்டு முகம் சுண்டிப்போய் வெளியே வந்தார். நல்லவராக இருப்பதற்கும் எதிராளியின் ஒத்துழைப்பு வேண்டியிருக்கிறது.

எதிர் வீட்டிலும் அக்காதான் வேலை செய்தார். அங்கே அவருக்கென்று ஒரு டம்ளர் தனியாகத் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் கவிழ்ந்திருக்கும். அந்த வீட்டம்மா அதில் காபியை உயரத்திலிருந்து ஊற்றிவிட்டு உள்ளே போய்விடுவார். அங்கே அவர்கள் கையில் கொடுக்கமாட்டார்கள். எங்கள் வீட்டில் அக்கா கையில் வாங்கமாட்டார். சாலையில் போகிறவர்களுக்கு இரண்டும் ஒரே காட்சிதான்.

இதில் இன்னொன்றும் உண்டு. எதிர் வீட்டம்மாவும் அக்காவும் ஒரே ஊர். இப்போது அந்த ஊர் இல்லை. பஸ்ஸில் வடலூர் போகும்போது ஒரு பக்கமாகத் தெரிகிற பெரிய மண்மேடு இருக்கிறதே, சுரங்கத்தில் தோண்டிக் கொட்டியது, அந்தத் திசையைக் கையால் காட்டி "அந்தாண்ட" என்பார் அக்கா. அதோடு சரி. எதிர் வீட்டம்மா அப்படியில்லை. நிலத்தைப் பற்றி ஆரம்பித்தால் மூக்கைச் சிந்தாமல் முடிக்கமாட்டார். "குனிஞ்சா கெணத்துத் தண்ணி கைக்கு எட்டும்மா, இப்ப ஊரு பூரா பைப்பப் பாத்துகினு நிக்குது" என்று அழுவார். பொய் அழுகை இல்லை. அந்த நிலத்துக்குப் பதிலாக வந்ததுதான் அவர் வீட்டுக்காரருக்கு வேலையும் இந்தக் குவார்ட்டர்ஸும். இருந்தாலும் மண் மண்தான். நான் அவர் அழுவதைக் கேலி செய்யமாட்டேன்.

"நீங்க அழறதே இல்லையே அக்கா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நாங்க இன்னாத்த வச்சிருந்தோம் பாப்பா, அழுவறதுக்கு? கூரையப் பிரிச்சோம், வண்டில போட்டுகினு வந்துட்டோம். அவுங்க நெலத்துக்கு சர்வே நம்பர் இருந்துது. எங்கப்பா அதுல ஏரு ஓட்டினதுக்கு ஏது நம்பரு?"

இதைச் சொல்லும்போது அவர் குரலில் கசப்புகூட இல்லை. பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னார். ஒரே மண்ணிலிருந்து கிளம்பிய இரண்டு குடும்பம். ஒன்று பர்மனென்ட் ஆகி எதிர் வீட்டுக்கு வந்தது, ஒன்று அந்த வீட்டின் பாத்திரம் தேய்க்க வந்தது. இழந்ததை நிரூபிப்பதற்கும் முதலில் ஏதாவது வைத்திருக்க வேண்டும்.

அக்காவின் கையை நான் பார்த்தது ஒரு மருதாணி நாளில். பின்பக்கம் எங்களுக்கு ஒரு மருதாணிச் செடி இருந்தது. கல்லூரி முடித்துவிட்டு பேங்க் பரீட்சைக்குப் படிக்கிறேன் என்ற பெயரில் வீட்டில் இருந்த காலம். படிப்பதைத் தவிர எல்லாம் செய்துகொண்டிருந்தேன். அன்றைக்கு இலையை அரைத்து என் இடது கைக்கு வைத்துக்கொண்டது போக நிறைய மிஞ்சிவிட்டது. அக்கா துடைத்து முடித்து நிழலில் உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, கை நீட்டுங்க."

"எனக்கு வாணாம் பாப்பா."

"சும்மா நீட்டுங்க" என்று முந்தானைக்குள்ளிருந்த கையைப் பிடித்து இழுத்துத் திருப்பினேன்.

கைக்குள் மருதாணி வைக்க இடமில்லை. உள்ளங்கை முழுக்கக் கருகிய திட்டுகள். திட்டுக்கு நடுவில் தோல் உரிந்து வெளிறிய இடங்கள். விரல் நுனிகள் தேய்ந்த சோப்பு மாதிரி வழவழவென்று இருந்தன. ஒரு கோடு இல்லை. ஆயுள் ரேகை என்போமே, அதுவும் இல்லை. நான் கையை விடவும் தெரியாமல், பிடித்திருக்கவும் தெரியாமல் இருந்தேன்.

"எங்க வைக்கப் போற?" என்று அக்கா சிரித்தார். "செவக்கறதுக்கு நல்ல தோலு வேணுமில்ல?"

அன்றைக்குத்தான் அவருக்கு இன்னொரு வேலை இருப்பது தெரிந்தது. எங்கள் பிளாக்கிலிருந்து போய் இறங்கியதும் மதியத்திலிருந்து இருட்டும்வரை முந்திரிக்கொட்டை உடைப்பார். வறுத்த கொட்டையைக் கல்லில் வைத்துக் கட்டையால் தட்ட வேண்டும். ஓட்டுக்குள் இருக்கிற எண்ணெய் பட்ட இடம் வெந்துபோகும். சாம்பலைத் தொட்டுத் தொட்டுத்தான் உடைக்க வேண்டும். ஊரைக் காலி செய்து சித்தி வீட்டுப் பக்கம் வந்தபோது ஏர் பிடித்த அப்பாவுக்கு அங்கே வேலை இல்லை. முந்திரிக் கொட்டகையில் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் இருந்தது.

"பால்பல்லு வுழறதுக்கு முன்னியே ஒக்காந்துட்டன்" என்றார்.

"அதனாலயா கையில வாங்க மாட்டேங்கிறீங்க?"

"உங்கம்மா டம்ளரு பளபளன்னு இருக்குது. கைய நீட்டினா என் கைதான் மொதல்ல தெரியும். வச்சிட்டாங்கன்னா டம்ளரு மட்டுந்தான் தெரியும். இதுல இன்னா இருக்குது, வுடு."

அப்பா அதைச் சாதி என்று நினைத்து வருத்தப்பட்டார். எதிர் வீட்டம்மா அதை அடக்கம் என்று நினைத்து மெச்சினார். அது வெட்கம். தன் கையைப் பார்த்துத் தானே கூசுகிற வெட்கம். மருதாணியை அப்படியே செடிக்கடியில் கொட்டினேன்.

ஆனால் அக்கா அழுமூஞ்சி இல்லை. வடலூர் தைப்பூசத்தில் கைரேகை பார்க்கிறவளிடம் போன கதையை அவர் சொல்லிக் கேட்க வேண்டும். கல்யாணத்துக்கு முன்பு அவர் அம்மா கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்.

"அந்தம்மா என் கைய இப்டித் திருப்பிச்சி, அப்டித் திருப்பிச்சி. வெயில்ல காட்டிச்சி. அப்பறம் கைய வுட்டுட்டு, 'உன் மூஞ்சியப் பாத்தே சொல்றன் கண்ணு'ன்னுது."

"மூஞ்சியப் பாத்து என்ன சொன்னாங்க?"

"பர்மனென்ட்டு மாப்ள வருவான்னுது."

சொல்லிவிட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பார். வந்த மாப்பிள்ளை லாரியில் லோடு ஏற்றுகிறவர். கொஞ்ச வருடத்தில் இடுப்பு போய் வீட்டோடு உட்கார்ந்துவிட்டார்.

அக்கா பெருமைப்பட்டுக்கொண்ட ஒரே பொருள் மகளின் கை. ஒரே பெண். அவள் கொட்டகை வாசலைத் தாண்டக் கூடாது என்பது அந்த வீட்டின் சட்டம். அம்மாவுக்குச் சோறு கொண்டுபோனால்கூட வெளியிலேயே நின்று கூப்பிட வேண்டும். ரேஷன் கடையில் விரல் வைத்தால்தான் அரிசி என்று வந்தபோது, புருஷன் எழுந்து வரமுடியாது, அக்காவின் விரலை மிஷின் எடுக்காது. மகள் போய் வைத்தாள். உடனே எடுத்தது.

"எங்க வூட்டுக்கே ஒரு ரேகதான் பாப்பா இருக்குது" என்று அக்கா சொன்னதில், நகை வைத்திருக்கிறவர்கள் நகையைப் பற்றிச் சொல்கிற தோரணை இருந்தது.

பிளஸ் டூ பரீட்சைக்கு முன்னால் அந்தப் பெண்ணை ஒருநாள் அழைத்து வந்தார். என்னிடமிருந்த பழைய கேள்வித்தாள்கள் வாங்கிக்கொள்ள. நர்ஸுக்குப் படிக்க ஆசை என்று சொன்னாள். அம்மா ஒரு தட்டில் முறுக்கு எடுத்து வந்து, பழக்கதோஷத்தில் அதைக் கீழே வைக்கக் குனிந்தார். அந்தப் பெண் சட்டென்று இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டாள். சுத்தமான, சிவந்த உள்ளங்கை. அம்மா அக்காவைத் திரும்பிப் பார்த்தார்.

"அது வாங்கும்மா. அது கைய நீட்டும்" என்றார் அக்கா. அந்த முகத்தை நான் மறக்கமாட்டேன்.

அன்றிலிருந்து அம்மாவுக்கு அவள் 'நர்ஸம்மா' ஆகிவிட்டாள்.

அந்தப் பெண்ணைப் படிக்க வைக்கத்தான் அக்காவுக்கு வேலை வேண்டியிருந்தது. அப்பா ஒரு கான்ட்ராக்டரின் சூப்பர்வைசரைப் பிடித்தார். சாலையோரம் கூட்டுவது, செடிக்குத் தண்ணீர் விடுவது, அந்த மாதிரி கான்ட்ராக்ட் வேலை. பர்மனென்ட் இல்லை. ஆனால் பிஎஃப் உண்டு, உடம்புக்கு வந்தால் ஆஸ்பத்திரி உண்டு, மாதம் பிறந்தால் சம்பளம் உண்டு. கொட்டகையில் இதில் எதுவும் கிடையாது.

அந்த வேலை கிடைத்தது என்பதையும், ஒரு வருடம் முடிவதற்குள் அந்தக் கான்ட்ராக்டர் போய் வேறொருவர் தன் ஆட்களோடு வந்ததில் அது போய்விட்டது என்பதையும், அக்கா மறுபடி கொட்டகைக்கே திரும்பினார் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால் அதுதான் சோகம் என்று நினைத்துவிடுவீர்கள். அது சோகமே இல்லை. அது அங்கே வழக்கம்.

வேலைக்குப் பெயர் பதியப் போன அன்று காலையில் அக்கா தலை நிறையக் கனகாம்பரம் வைத்துக்கொண்டு வந்தார். மதியம் திரும்பி வந்தபோது பூ அப்படியே இருந்தது. முகம்தான் இல்லை.

"அந்த வெரலு மிஷினு இன்னாமோ இங்கிலீசுல சொல்லுதும்மா. பிளீஸ் டிரை எகெய்ன், பிளீஸ் டிரை எகெய்ன்ங்குது. எல்லா வெரலையும் வச்சிப் பாத்துட்டன். அதயேதான் சொல்லிகினு இருக்குது."

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். நானும் கூடப் போனேன். சூப்பர்வைசர் கெட்டவர் இல்லை. அப்பாவுக்கு நாற்காலி எடுத்துப் போட்டார்.

"நான் என்ன சார் பண்றது? தினம் உள்ள வரும்போது ஒருவாட்டி, போகும்போது ஒருவாட்டி விரல் வைக்கணும். அதுலதான் சம்பளம். இவங்களுக்கு ரேகையே விழல. ரேகை விழற ஆளா பாருன்னு மேல சொல்றாங்க."

"அவங்க நல்லா வேலை செய்வாங்கப்பா."

"எனக்குத் தெரியும் சார். மிஷினுக்குத் தெரியணுமே."

அடுத்த தடவை ஆள் எடுக்கும்போது கூட்டி வாருங்கள், கோடைக்குள் இருக்கும் என்று சொல்லி அனுப்பினார். அப்பாவுக்குத் தெரிந்த ஒரு டாக்டர் அக்காவின் கையைப் பார்த்துவிட்டு, எண்ணெய் படாமல் இருந்தால் புதுத் தோல் வளரும், வளர்ந்தால் ரேகையும் பழையபடி வரும் என்றார்.

அக்காவுக்கு அது பெரிய ஆச்சரியம். "எங்கம்மா வவுத்துல குடுத்த அதே ரேகையாம்மா? உள்ளயே இருக்குதா அது?"

கொட்டையை விட்டால்தான் ரேகை வரும். ரேகை வந்தால்தான் வேலை வரும். வேலை வந்தால்தான் கொட்டையை விட முடியும். இதை அம்மாவும் அக்காவும் நானும் சமையலறையில் நின்று இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தோம். வழி தெரியவில்லை. வறுமை என்பது என்ன என்று பரீட்சைக்காக நான் மனப்பாடம் செய்த பாடத்தில் காரணங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. இது வட்டமாக இருந்தது.

அம்மாவுக்கு வட்டமெல்லாம் தெரியாது. "கொட்டைய விட்டுரு. அரிசி பருப்பு இங்க இருந்து எடுத்துட்டுப் போ. கை சரியாகட்டும்" என்றார்.

"அரிசியெல்லாம் வாணாம்மா. எடத்த வுட்டா வேற ஆளு ஒக்காந்துடும், அதான். சீசன் நேரம். பாக்கறன்."

இரண்டு நாள் கழித்து வந்து, "வுட்டுட்டன்மா. எடத்துக்கு ஆளு சொல்லிட்டன்" என்றார்.

"யாரு?"

"நம்ம ஆளுதான்" என்று சொல்லிவிட்டுத் துடைப்பத்தை எடுத்தார். அம்மா அதைப் பிடுங்கினார்.

அம்மாவின் ஆட்சி தொடங்கியது. அக்கா பாத்திரத்தைத் தொடக் கூடாது. சோப்பும் நாரும் ரேகையைத் தின்றுவிடுமாம். "என்னட்டி பாத்துட்டு நிக்க? நீ தேய்" என்று என்னைத் தொட்டியடியில் உட்கார வைத்தார். எதிர் வீட்டிலும் போய் என்ன சொன்னாரோ, அவர்களும் கோடை முடியும்வரை தங்கள் பாத்திரத்தைத் தாங்களே தேய்த்துக்கொண்டார்கள். மதியம் நாங்கள் சாப்பிட்டதும் அம்மா வெண்ணெய்க் கிண்ணத்தோடு சமையலறைத் தரையில் உட்காருவார். அக்கா எதிரில் உட்கார்ந்து கையை நீட்டுவார்.

முதல் நாள் அக்கா கையை மூடிக்கொண்டார். அம்மா ஒவ்வொரு விரலாகப் பிரித்தார். வெண்ணெய் தடவும்போது அக்கா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருந்தார், ஊசி போட்டுக்கொள்கிற பிள்ளை மாதிரி.

"எங்கூட்டுக்காரு தாலி கட்டினாருமா. கையப் புடிச்சதில்ல" என்றார் கண்ணைத் திறக்காமலே.

அம்மா இன்னும் அழுத்தித் தேய்த்தார்.

அந்த வாரங்களில் அக்கா பேச்சு குறைந்துபோனார். பெயர் பதியப் போய் வந்த புதிதில் மிக்சி ஓடாவிட்டால், "பிளீஸ் டிரை எகெய்ன்" என்று மிஷின் குரலிலேயே சொல்லி எங்களைச் சிரிக்க வைப்பார். அதுவும் நின்றுவிட்டது. மிஷின் பயம் என்று நினைத்தோம். ஒன்று மட்டும் புதிதாக இருந்தது. எதைக் கொடுத்தாலும் வேண்டாம் என்கிறவர், ஒருநாள் தானாகக் கேட்டார்.

"எம்மா, மீந்த வெண்ணய ஒரு எலைல வச்சிடுங்களேன். எடுத்துகினு போறன்."

அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். ராத்திரியும் தடவிக்கொள்கிறாள், பாரேன், எவ்வளவு அக்கறை என்றார். மறுநாளிலிருந்து இன்னும் அதிகமாகக் கடைந்தார். தினமும் ஒரு வாழையிலைத் துண்டில் வைத்து மடித்து அக்கா பக்கத்தில் வைப்பார். அக்கா அதை முந்தானையில் முடிந்துகொள்வார்.

கருப்பு மெல்ல விட்டது. முதலில் சுண்டுவிரலில். அப்புறம் ஒருநாள் கட்டைவிரலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த அம்மா, "ஏட்டி, கண்ணாடிய எடுத்துட்டு வா" என்று கத்தினார். கண்ணாடி போட்டுப் பார்த்தார். நானும் பார்த்தேன். தண்ணீரில் கல் போட்டால் வருகிற வளையம் மாதிரி, மங்கலாக, ஒன்றுக்குள் ஒன்றாக. அம்மா அக்காவின் கட்டைவிரலை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார். அக்கா அழுதார். சந்தோஷத்தில் அழுகிறார் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

ஆள் எடுக்கிற நாள் வந்தது. அப்பா அக்காவை அழைத்துப் போனார். அம்மா காலையிலேயே கேசரி கிளறி வைத்துவிட்டார். வேலை கிடைக்காவிட்டாலும் சாப்பிட்டுத்தானே ஆகவேண்டும் என்று அதற்கொரு சமாதானம். மத்தியான வெயிலில் அக்கா வந்தார். கூடவே மகள். எங்கள் அம்மாவைப் பார்க்க வேண்டும் என்று அவளைக் கொட்டகையிலிருந்து... இல்லை, அது எங்களுக்கு அப்போது தெரியாது. வீட்டிலிருந்து கூட்டி வந்ததாகத்தான் நினைத்தோம்.

அக்கா வாசலிலேயே நின்று சொன்னார்.

"வச்ச ஒடனே எடுத்துகிச்சிம்மா. தேங்க்யூன்னு சொல்லிச்சி."

அந்த டவுன்ஷிப்பில் அவருக்கு முதன்முதலாக நன்றி சொன்னது அந்த மிஷின்தான். நாங்கள் யாரும் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

இரண்டு பேரும் சமையலறைத் தரையில் உட்கார்ந்தார்கள். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. கிண்ணத்தில் கேசரியை மலையாகக் குவித்து, முந்திரிப்பருப்பாகப் பொறுக்கி மேலே வைத்து, முதலில் அந்தப் பெண்ணிடம் குனிந்து நீட்டினார்.

"நர்ஸம்மா, இந்தா. நீதான் முதல்ல. இனிமே உங்கம்மாவுக்கு ஒண்ணும் கவலை இல்ல."

அந்தப் பெண் நிமிரவில்லை. இரண்டு கையும் சுடிதார் ஷாலுக்குள் சுருண்டிருந்தன.

"வச்சிடுங்கம்மா" என்றாள். "எடுத்துக்கறன்."

அம்மா குனிந்தது குனிந்தபடி நின்றார். ஷாலின் ஓரத்தில் ஒரு கட்டைவிரல் தெரிந்தது. நுனி கறுத்து, கொப்புளம் உடைந்து, அதன்மேல் வெண்ணெய் மினுமினுத்தது. கொட்டகையில் தன் இடத்துக்கு அக்கா சொல்லிவிட்டு வந்த ஆள் யார் என்று எனக்குப் புரிந்தது. தினமும் இலையில் மடித்துப் போன வெண்ணெய் யார் கைக்குப் போனது என்று புரிந்தது. அம்மா இங்கே ஒரு கையில் ரேகையை வளர்த்துக்கொண்டிருந்த மதியங்களில் அங்கே அந்த வீட்டின் ஒரே ரேகை வெந்துகொண்டிருந்திருக்கிறது. அக்காவுக்கு அது ஒவ்வொரு நாளும் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டேதான் எங்கள் முன்னால் கையை நீட்டியபடி உட்கார்ந்திருந்தார். எனக்கு அழுகை வந்தது.

அக்கா எழுந்தார். அத்தனை வருடத்தில் முதல் தடவையாக, தன் இரண்டு கையையும் நீட்டி, அம்மாவின் கையிலிருந்து அந்தக் கிண்ணத்தை வாங்கினார்.

வாங்கி, மகளுக்கு முன்னால் தரையில் வைத்தார்.